பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடுவன்

மைனர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. இருந்தாலும் தினமும் விடியற்காலையில் காட்டை எழுப்புகிறவன் அவன்தான்.

"ஹூ... ஹூ... ஹூக்... ஹூக்... ஹூக்!"

வெடிப்பலா மரத்து உச்சியிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பும் நேரத்தில் இளவரசி அடுப்பில் கடுங்காப்பிக்குத் தண்ணீர் வைத்திருப்பாள். சத்தம் பள்ளத்தில் இறங்கி, எதிர்மலையில் முட்டி, அரைகுறையாகத் திரும்பி வரும். அதன்பிறகு கொஞ்ச நேரம் காடே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். அவளும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று காது கொடுப்பாள். சற்றுப் பொறுத்து அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். "ஹூ... ஹூக்... ஹூக்."

"எந்திரிச்சிட்டாரு மாப்பிள்ளை" என்பாள் இளவரசி. பல நாட்களில் அவள் வாய்விட்டுப் பேசுகிற முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அதுதான்.

மேகம் இறங்கினால் கையில் இருக்கிற தம்ளர்கூடக் கண்ணுக்குத் தெரியாத மலை அது. தேயிலை எஸ்டேட் நொடித்துப்போய், ஆட்கள் எல்லாம் கம்பத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். தொழிலாளர் லயத்து வீடுகளுக்குள் செடி முளைத்துவிட்டது. கூரை மிச்சமிருந்தது பழைய கிளார்க் குவார்ட்டர்ஸ் ஒன்றில்தான். அதில் இளவரசி இருந்தாள். வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு இருந்தது. செருப்புக்குக் கால் கிடையாது. அவளைக் கட்டியவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆக்கிக்கொண்டு எத்தனையோ காலமாயிற்று. தனியாக இருக்கிற பொம்பளை வாசலில் ஆம்பளைச் செருப்பு கிடந்தால் வருகிறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான் என்று அவள் அம்மா சொல்லிக்கொடுத்த தந்திரம் அது.

மைனரின் கதையும் ஏறக்குறைய இந்தச் செருப்புக் கதைதான்.

மைனர் என்பது ஒரு கருமந்திக் கடுவன். தார் ஊற்றின மாதிரிக் கறுப்பு உடம்பு, தலையில் மட்டும் பழுப்பு முடி, அதை வாரிவிட்ட மாதிரி ஒரு பகுமானம். பேருந்து நிலையத்தில் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற நாட்டுக் குரங்கு ஜாதி இல்லை இது. கருமந்திக்கு இலைதான் சாப்பாடு. கொழுந்தாகப் பார்த்துப் பறித்துத் தின்றுவிட்டு, மாடு மாதிரி வயிறு வேலை செய்யட்டும் என்று கிளையில் சாய்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். மரத்தை விட்டு இறங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற சென்மம். மைனர் ஒரு மத்தியானம் எஸ்டேட் ரோட்டைத் தாண்டிக் குதிக்கும்போது, கிளை என்று நினைத்து மின்கம்பியைப் பிடித்தான். அவ்வளவுதான், முடிந்தது.

அவன் போனபோது அந்தக் கூட்டத்து மந்திகளின் மடியில் செம்பட்டை நிறத்தில் மூன்று குட்டிகள் இருந்தன. அதற்கப்புறம்தான் சென்னையிலிருந்து மாதவராமன் சார் வந்தார். ஓர் அறக்கட்டளையில் கருமந்திகளுக்கு அவர்தான் பொறுப்பு. கம்பத்தில் மைக்செட் கடைக்காரர் மகள், ஆம்ப்ளிபயரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவாள், தனியாக இருக்கவும் சம்மதிப்பாள் என்று யாரோ சொல்லித்தான் இளவரசியை வேலைக்கு வைத்தார்.

"ஒரு கூட்டத்துக்கு ஒரு கடுவன்தான், இளவரசி. அது செத்துட்டா, வெளியில தனியாத் திரியற இன்னொரு கடுவன் உள்ள வரும். வந்ததும் மடியில இருக்கற குட்டிகளைக் கொல்லும்" என்றார் சார்.

"எதுக்கு சார்? அது என்னா செஞ்சுச்சு அவனை?"

"குட்டி பால் குடிக்கிற வரைக்கும் தாய் அடுத்த குட்டிக்குத் தயாராகாது. குட்டி போயிட்டா சீக்கிரம் தயாராயிடும். அவனுக்கு அவன் வம்சம் வேணும்."

"அடப்பாவி!"

"அதுக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. ஆனா ஒண்ணு. காலையில இங்கேருந்து ஒரு பெரிய கடுவனோட குரல் கேட்டா, வீட்ல ஆள் இருக்குன்னு அது தள்ளிப் போயிடும். அந்தக் குரலை நாம குடுக்கப் போறோம்."

"ஆம்பளைச் செருப்பைப் போட்டு வைக்கிற மாதிரி" என்றாள் இளவரசி. சாருக்கு அது புரியவில்லை. சிரித்துவைத்தார்.

குரல்பெட்டி மரத்தில் ஏறியது. அதற்குள் மைனர் உயிரோடு இருந்தபோது யாரோ ஆராய்ச்சிக்காரர்கள் பிடித்து வைத்த குரல்கள் இருந்தன. ஆனால் அது வெறுமனே ரெக்கார்டு போடுகிற பெட்டி இல்லை. போட்டதையே போட்டால் நாலு நாளில் குட்டு உடைந்துவிடும் அல்லவா? இது காது கேட்கும். எதிரில் எவன் கத்துகிறான், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு கோபமாக என்று கேட்டுக்கொண்டு, மைனர் இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பானோ அதைப் புதிதாகக் கட்டிச் சொல்லும். எதிரி குரலை உயர்த்தினால் இதுவும் உயர்த்தும். எதிரியைப் பற்றித் தனக்குத் தோன்றுவதை இளவரசியின் செல்போனுக்கும் அனுப்பும்.

குட்டிகள் பிழைத்துக்கொண்டன. அதைச் சும்மா சொல்லக்கூடாது. அந்த முதல் வருஷம் இளவரசிக்குத் திருவிழா மாதிரி இருந்தது. பெற்றவள் கொழுந்து தின்னப் போனால் சித்தி வாங்கிக்கொள்வாள், சித்தியிடமிருந்து பெரியம்மா பிடுங்கிக்கொள்வாள், குட்டி கீச்கீச்சென்று கத்திக்கொண்டே மடி மடியாகப் போய்ப் பெற்றவளிடம் வந்து சேரும். இளவரசி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். 'எங்கிட்டயும் ஒரு தடவை குடுங்கடி' என்று கேட்கத் தோன்றும். அவளுக்குக் குழந்தை இல்லை. அந்த ஆசை வரும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

மாப்பிள்ளை பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தான். அந்த மலை கேரளா. காக்கை பறந்தால் கூப்பிடு தூரம்தான், கால்நடையாகப் போனால் இறங்கி ஏற அரை நாள் ஆகும். முதலில் அவனை அவள் "களவாணிப்பய" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளாக ஆகக் கோபம் வற்றிவிட்டது. தினமும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறவன் மேல் எத்தனை நாள்தான் கோபப்படுவது? குட்டிகள் வளர்ந்தபின் என்றைக்காவது அவன் இந்தப் பக்கம் வந்துதானே ஆகவேண்டும் என்று நினைத்துத்தான் மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள்.

போன வருஷ மழையில் மாப்பிள்ளையின் குரல் மாறிப்போயிற்று. கட்டையாக, கரகரவென்று வந்தது. 'எதிர்க்குரல்: முதிர்ந்த ஆண். உடல்நலம் குறைந்திருக்கலாம்' என்றது செல்போன். சில நாள் இரண்டு கூவலோடு நிறுத்திக்கொள்வான். சித்திரையில் ஒருதரம் சேர்ந்தாற்போல் சில நாள் சத்தமே இல்லை. சிறுத்தை அடித்துவிட்டதோ என்று இளவரசிக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி ஒரு காலையில் அந்தக் கட்டைக்குரல் கேட்டபோது வாசற்படியிலேயே உட்கார்ந்து, "எங்கடா போன, மூதேவி?" என்று அழுதுவிட்டாள். ஒரு குரங்குக்காக இப்படி அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பார்க்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

கஷ்டம் சின்னியின் ரூபத்தில் வந்தது.

மைனர் சாகும்போது அரைவளர்த்தியாக இருந்த மந்தி அது. இப்போது பருவத்துக்கு வந்துவிட்டது. ஒரு காலையில் பெட்டி கூவி முடித்ததும் சின்னி வெடிப்பலா மரத்தில் ஏறியது. பெட்டிக்கு நேராக உட்கார்ந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக் வெடுக்கென்று ஆட்டியது. மந்தி கடுவனை அழைக்கிற விதம் அது. அழைத்துவிட்டுக் காத்திருந்தது. திரும்பிப் பார்த்தது. பெட்டி பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா இருந்தது. சின்னி மறுபடியும் தலையை ஆட்டியது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். இளவரசியால் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தகர டப்பாவைக் காட்டி ஒரு பெண்ணை ஏமாற்றுகிறோம் என்பது அவள் நெஞ்சை அறுத்தது. மூன்று வருஷமாக அந்தக் கூட்டத்தில் ஒரு குட்டி பிறக்கவில்லை. கிழட்டு மந்திகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இப்படியே போனால் காவல் காக்கப் பெட்டி இருக்கும், உள்ளே ஆள் இருக்காது.

செல்போனுக்கு டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி சாரைக் கூப்பிட்டாள்.

"பெட்டியை நிப்பாட்டிருவோம் சார். குட்டிகதான் பெருசாயிருச்சே. இனிமே எவன் வந்தாலும் கொல்றதுக்குக் குட்டி இல்ல. மாப்பி... அந்தப் பக்கத்துக் கடுவன் வரட்டும்."

"அவசரப்படாதீங்க. இது உலகத்துலயே முதல் தடவை. இன்னும் ரெண்டு வருஷம் பதிவு வேணும்."

"அப்பன்னா மிருகக்காட்சிசாலையிலருந்து ஒரு கடுவனைக் கேளுங்க சார்."

"கேட்டாச்சு. குடுக்க மாட்டாங்க. அந்தப் பக்கம்தான் காட்டுக் கடுவன் ஒண்ணு இருக்கே, நம்ம பதிவே சொல்லுதே! கூண்டுல வளர்ந்ததைக் கொண்டாந்து விட்டா அது அடிச்சே கொன்னுடும்னு சொல்லிட்டாங்க."

"அதை உள்ள வரவும் விட மாட்டேங்கிறீங்க, அதைக் காட்டியே வேற ஆளும் வேணாங்கிறீங்க. என்னா நியாயம் சார் இது?"

"இளவரசி, நீங்க பெட்டியைப் பாத்துக்கறதுக்கு இருக்கீங்க" என்றார் சார். அதோடு பேச்சு முடிந்தது.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் நேராக மரத்தடிக்குப் போய் ஏணியைப் போட்டாள். பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்து, அதில் ஒரு பல்பை மாட்டினாள். "மழைக்கு ஈரம் எறங்கிருச்சு சார்" என்று சாருக்கு ஒரு செய்தி. பொய்தான். மூன்று வருஷமாகக் காட்டுக்கே சொல்லிக்கொண்டிருந்த பொய்யைவிட அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை மைனர் கூவவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை கூவினான். பதில் இல்லை. மறுபடி கூவினான். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமில்லை.

"வாங்க மாப்பிள்ளை, வாசல் தெறந்துதான் இருக்கு" என்றாள் இளவரசி.

வரவில்லை. காலியான இடம் தெரிந்தால் கடுவன் நாலைந்து நாளில் எட்டிப்பார்க்கும் என்று சார் சொல்லியிருந்தார். நாட்கள் போயின. மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றான். ஆனால் கூவல் மட்டும் கூடிக்கொண்டே போனது. காலையில் கூவினது போக மத்தியானம் கூவினான், சாயங்காலம் கூவினான். தொண்டை கிழிகிற சத்தம். ஒருநாள் நடுவில் உடைந்து, இருமல் மாதிரி என்னவோ கேட்டது.

காலை ஒடித்துக்கொண்டு எங்காவது கிடக்கிறானோ என்று இளவரசிக்குத் தோன்றிவிட்டது. அதனால்தான் வர முடியாமல் கூப்பிடுகிறான். அவ்வளவுதான், அவளால் இருப்புக்கொள்ள முடியவில்லை. அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு, கட்டுச்சோற்றைப் பையில் போட்டுக்கொண்டு, விடிந்ததும் பள்ளத்தில் இறங்கினாள்.

அடியில் ஓடையைத் தாண்டி, ஈட்டா மூங்கில் புதருக்குள் புகுந்து, கையையும் காலையும் ஊன்றி எதிர்மலையில் ஏறினாள். உச்சிப்பொழுதுக்கு மேல் ஆகிவிட்டது. தலைக்கு மேலேயே அந்தக் குரல் கேட்டது. மரங்களைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல ஏறினாள். மரங்களில் கருமந்திகள் இருந்தன, எல்லாமே பொட்டைகள். குரல் மரத்திலிருந்து வரவில்லை. பாறை விளிம்பிலிருந்து வந்தது.

அங்கே கைலியும் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிவிசி குழாய். குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையைப் பள்ளத்துக்கு நேராகப் பிடித்து, கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்கக் கூவினார். "ஹூ... ஹூக்... ஹூக்!" கூவிவிட்டு இருமினார்.

இளவரசி வாயில் ஈ போனால்கூடத் தெரியாமல் நின்றாள்.

"அண்ணே" என்றாள் கடைசியில்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். குழாய் கீழே விழுந்து உருண்டது. "ஆரா? எவிடெந்து வருது?"

"அந்தா, அந்த மலையிலருந்து. அண்ணே, கூவுனது நீங்களா? இம்புட்டு நாளும் நீங்கதானா?"

அவருக்குப் பெயர் தங்கச்சன். ஏலக்காய் ஸ்டோர் ஒன்றுக்குக் காவல் இருந்தவர். பெண்டாட்டி இறந்துவிட்டாள், மகள் அயர்லாந்தில் நர்ஸ். இடுக்கியில் பிறந்து வளர்ந்தவர், அவர் பேசுகிற தமிழில் பாதி மலையாளம். அவளை உட்காரவைத்துப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக்கொடுத்தார். அந்தப் பாறைக்கு மனுஷவாடை வந்தே ரொம்ப நாள் ஆகியிருக்கவேண்டும்.

"இவிடயும் ஒரு கடுவன் உண்டாயிருந்தது, மோளே. நல்ல ஒண்ணாந்தரம் கடுவன். புலி பிடிச்சு. குட்டிங்க ரெண்டு. அப்ப காலேஜ்காரங்க வந்தாங்க. பெட்டி வெச்சாங்க. என்னைக் காவலுக்கு வெச்சாங்க."

"பெட்டியா? எந்தப் பெட்டி?"

அவர் கை காட்டினார். ஒரு நாங்கில் மரத்தின் உயரத்தில் கரிந்துபோன டப்பா ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பெட்டிக்கு உடன்பிறப்பு.

"கழிஞ்ச மழைக்கு இடி விழுந்து கத்திக் கரிஞ்சு போச்சு. ஞான் போன் பண்ணிப் பறஞ்சேன். படிப்பு முடிஞ்சது தங்கச்சா, நீ வீட்டுக்குப் போன்னு பறஞ்சாங்க. எப்படிப் போறது? அந்தப் பக்கம் ஒரு ரௌடி உண்டு. தினமும் காலத்த எழுந்து கத்துவான். இவிட சத்தம் இல்லைன்னு தெரிஞ்சா அப்பவே தாண்டி வந்து குட்டிங்களைக் கொன்னு போடும். அதுகொண்டு ஞானே கூவினேன். இப்ப அவன் சத்தம் இல்ல, ஒளிஞ்சு வரானோன்னு மத்தியானமும் சாயங்காலமும் கூவினேன்."

இளவரசி தம்ளரைக் கீழே வைத்தாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முடியவில்லை.

"அண்ணே, ரௌடின்னு ஒருத்தன் இல்ல. அதுவும் பெட்டிதான். அது எம் பெட்டி."

தங்கச்சன் பள்ளத்தைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு மேல் மழையிலும் பனியிலும் நின்று தொண்டையைக் கிழித்துக்கொண்டது ஒரு தகர டப்பாவோடு என்று ஒரு மனுஷனிடம் சொன்னால் அவன் முகம் எப்படி ஆகும்? அப்படித்தான் ஆயிற்று.

"ஒருநாள் அவன் வல்லாத்த சத்தம் போட்டான்" என்றார் மெதுவாக. "ஞானும் விடல. அன்னைக்கி எனக்குத் தொண்டையில ரத்தம் வந்தது."

"நீங்க சத்தம் கூட்டுனா அதுவும் கூட்டும்ணே. அதை அப்படித்தான் செஞ்சிருக்காக." அவள் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "மன்னிச்சிருங்கண்ணே. சித்திரையில சில நாள் உங்க சத்தம் இல்ல. செத்துப் போச்சோன்னு நான் கெடந்து தவிச்சேன்."

"கூடப்பிறந்த பெங்ஙளோட மகளுக்குக் கல்யாணம்" என்றார் தங்கச்சன். "பந்தியில உட்கார்ந்தாலும் மனசு இவிடத்தான். ரௌடி வந்திருப்பானோன்னு."

"எம் போனு உங்களை முதிர்ந்த ஆண், உடம்பு சரியில்லைன்னு சொல்லுச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் எதுவாக மாறியதோ, குல்லாவைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். இளவரசியும் அழுதாள். இரண்டு பேரும் அவமானப்பட்டுப் போயிருந்தார்கள். ஆனாலும் எதிரில் ஓர் ஆள் இருப்பது இரண்டு பேருக்கும் நன்றாக இருந்தது.

"குட்டிகதான் வளந்துருச்சே, அப்பறம் ஏண்ணே நிறுத்தல?"

"காலத்த எழுந்து சண்டை போட ஒருத்தன் உண்டாயிருந்தான். அவனும் இல்லன்னா ஞான் எதுக்கு எழுந்திரிக்கணும், மோளே?"

அவளும் அதற்காகத்தானே எழுந்துகொண்டிருந்தாள்.

புறப்படுவதற்கு முன்னால் அவள்தான் பேச்சை எடுத்தாள். "அண்ணே, ரெண்டு பக்கமும் கடுவன் இல்ல. ஆனா இந்த மலைக்கு அங்கிட்டு எங்கயாச்சும் ஒண்ணு இருக்கலாம். இளவட்டமா, தனியா. ரெண்டு பெரிய கடுவன் இப்படி மாறி மாறிக் கத்துறதைக் கேட்டா அது வாயைத் தெறக்குமா? ஓடித்தான் ஒளியும். நாம நிப்பாட்டிருவோம். நான் பேட்டரியைக் கழட்டிட்டேன். நீங்களும் கூவாதீங்க."

"ஒண்ணும் இல்லாம இருந்தா?"

"இல்லைன்னா இல்லதான். பொய்யாச்சும் இல்லாம இருக்கட்டும்."

தங்கச்சன் குழாயைக் கையில் எடுத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் தலையை ஆட்டினார். வாக்குக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்ததும் இளவரசி டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த எதிர்க்குரலைப் பத்தி அறிக்கையில ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்" என்றார் சார்.

"அதுல பாதி ஒரு மனுசன் பிவிசி குழாயில கூவுனது சார்."

"மழை விட்டதும் டெக்னீஷியன் வருவார். பெட்டி மறுபடி ஓடணும். ஓடலேன்னா இந்தத் திட்டமும் இல்ல, உங்க வேலையும் இல்ல."

மழை விடுகிறவரைக்கும்தான் கெடு. அதற்குள் காட்டில் எங்கிருந்தாவது ஒரு நிஜக் கடுவன் வாயைத் திறந்தாகவேண்டும்.

அந்த நாட்களைப்போல் ஒரு தனிமையை இளவரசி அனுபவித்ததில்லை. விடியும். தண்ணீர் வைப்பாள். வாசற்படிக்கு வருவாள். மைனர் இல்லை, மாப்பிள்ளை இல்லை. பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். சின்னி வெடிப்பலா மரத்தில் ஏறி, ஊமையாகிப்போன பெட்டிக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டு, ஒரு கொழுந்தைப் பறித்து, தின்னாமல் கீழே போடும். தினமும் தன்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரே குரலைத் தானே வாயடைத்துவிட்டோம் என்று இளவரசிக்குத் தோன்றும். 'ஒரே ஒரு தடவை கூவுங்கண்ணே' என்று மனசுக்குள் கெஞ்சியிருக்கிறாள். அவர் கூவவில்லை. வாக்குத் தவறாத மனுஷன் என்று பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மழை குறைந்தது. வெயில் எட்டிப்பார்த்தது. திங்கட்கிழமை டெக்னீஷியன் வருகிறார் என்று சாரிடமிருந்து செய்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து, அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கையில் பள்ளத்திலிருந்து அது கேட்டது. "ஹூ... ஹூக்... க்ர்க்."

இளவரசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனுஷனுக்குப் பொறுக்க முடியவில்லை பார்! அவள் அடக்கிக்கொண்டு கிடக்கவில்லையா? இத்தனை நாள் இருந்த விரதத்தைக் கெடுத்துவிட்டாரே. நாளைக்குப் பெட்டி வேறு ஓடப்போகிறது. மறுபடி ஒரு தரம் கேட்டது, முன்னைவிட மோசமாக. அடுப்பை அணைத்தாள். புகையிலைத் தண்ணீர்கூடத் தடவிக்கொள்ளாமல் விறுவிறுவென்று பள்ளத்தில் இறங்கினாள். ஈட்டா இலை கையைக் கீறியது. இறங்குகிற வழியெல்லாம் என்னென்ன திட்டுவது என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

ஓடைக்கு அவள் வந்து சேர்ந்தபோது, எதிர்க்கரையில் தங்கச்சன் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் முகத்திலும் ரௌத்திரம்.

"வாக்குக் குடுத்துட்டு இப்படிச் செய்யலாமாண்ணே?" என்று கத்தினாள் இளவரசி.

"அது ஞான் கேக்கணும்!" என்று அவரும் கத்தினார். "பேட்டரி மாட்டியது ஆரு? பெட்டி போட்டது ஆரு?"

"பேட்டரி எங்க அடுப்படியில பல்பு எரிச்சிக்கிட்டு இருக்கு. நீங்க கூவிட்டு எம் மேல பழியைப் போடாதீங்க. குழாயை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"குழலை மண்ணுல நட்டு அதில பயறு படர விட்டிருக்கு. வந்து நோக்கு. ஞான் கூவல, மோளே. கர்த்தராணை."

"நானும் கூவலண்ணே."

சொன்னபிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஓடைத் தண்ணீர் அவர்களுக்கு நடுவில் சலசலத்துக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தில் ஒரு சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று மைக்செட்காரர் மகளாலேயே கண்டுபிடிக்க முடியாது. இங்கே கேட்டால் அங்கிருந்து வருகிற மாதிரி இருக்கும், அங்கே கேட்டால் இங்கிருந்து.

மேலே, இரண்டு மலைக்கும் சேராத வடக்குச் சரிவில், மறுபடி அது கேட்டது. "ஹூ... ஹூ... க்ர்க்." தொண்டை உடையாத இளவட்டத்தின் குரல். எடுத்த எடுப்பிலேயே பிசகி, கிறீச்சிட்டு, பாதியில் நின்றது. பயந்துபோய் நிறுத்திவிட்டு, யாரும் அதட்டவில்லையே என்று கேட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தது.

"எந்தொரு மோசம்!" என்றார் தங்கச்சன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "பெட்டி ஒருநாளும் இத்தனை மோசமாக் கூவாது."

"ஞானும் இத்தனை மோசமாக் கூவ மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள் இளவரசி, அழுதுகொண்டே சிரித்து.

இந்தப் பக்கத்து மரங்களில் சலசலப்பு கேட்டது. சின்னி ஒரு கிளை தாண்டி வந்து, உச்சாணியில் உட்கார்ந்து, வடக்கே பார்த்தது. வருகிறவன் கொல்வதற்கு எந்த மடியிலும் குட்டி இல்லை. நாளைக்கு வருகிற டெக்னீஷியனுக்குப் பேட்டரி கிடைக்கப்போவதில்லை, வேலை போனாலும். தங்கச்சன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். இளவரசி சட்டென்று விரலை உதட்டில் வைத்தாள்.

"சும்மா இருங்கண்ணே. நம்ம சத்தம் கேட்டா பயந்து ஓடிரும்."

அவர் தலையாட்டிவிட்டு அந்தக் கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். அவள் இந்தக் கரையில் உட்கார்ந்தாள். பேச ஓர் ஆள் கிடைக்காதா என்று வருஷக்கணக்காக ஏங்கிக் கிடந்த இரண்டு பேரும், அன்று வெயில் தலைக்கு மேல் ஏறுகிறவரைக்கும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை.